ஒரே சிரட்டை அளவில் இஞ்சிப் பானம்

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவில், என் மகள் பியூலாவின் காது உயரத்துக்கு, ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நிற்கிறது. சோடாப் புட்டியின் கழுத்துப் பாகம். போன வாரம் அது பறந்து வந்து குத்திய அந்த நிமிஷத்தில் பியூலா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். பால் பொங்குகிறது என்று நான் சத்தம் போட்டிருந்தேன். பால் பொங்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் என் எழுத்து கோணிப் போகிறது. இந்தக் கட்டுரையின் எழுத்தைப் படித்து அச்சுக் கோர்ப்பவர் படப்போகும் பாட்டுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் சங்கப் பத்திரிகைக்கு அனுபவக் கட்டுரை ஒன்று தரும்படி மதுவிலக்குக் கமிட்டியின் செயலாளர் ஐயா வீடு தேடி வந்து கேட்டார். "ஓய்வு பெத்தாச்சு, சும்மாதான இருக்கிய டீச்சர்? அந்த இஞ்சிப் பானம் பத்தி எழுதுங்க. புதுசா வேலைக்கு வாற பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படும்" என்றார். எங்கள் பகுதி மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னையோடு சேர்ந்தாயிற்று, மதுவிலக்கு இனிமேல் கண்டிப்பாக இருக்கும், ஆகவே வீட்டுக்கு வீடு இஞ்சிப் பானம் என்ற பழைய திட்டத்தை மறுபடி எடுக்கப் போகிறோம் என்று விளக்கினார். புதுசாக வேலைக்கு வருகிற பிள்ளை என்று அவர் சொன்னது என் மகளைத்தான். அதனால் எழுதுகிறேன். ஐயாவுக்கு ஞாபகம் குறைந்துவிட்டது. எனக்குக் குறையவில்லை. கேட்டிருக்க வேண்டாம் என்று அவர் பின்னால் நினைத்தால் நான் பொறுப்பல்ல.

மிஷனின் பெண்கள் பிரிவில் நான் வீட்டுத் தொழில் டீச்சராக இருந்தேன். நாகர்கோவிலில் பயிற்சி: லேஸ் பின்னல், தையல், கொய்யாப்பழ ஜெல்லி, சோப்பு, ஊறுகாய். கற்றதில் பாதி கல்யாணத்தோடு மறந்தது. மீதியை, முதல் கிராமத்தில் முதல் பெண் கேட்ட முதல் கேள்வி மறக்கடித்தது. "இதெல்லாம் செஞ்சா சோறு கெடைக்குமா டீச்சர்?" இதற்கான பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

எங்களுக்கு மேலே வெள்ளைக்கார மிஷனரியான மிசியம்மா இருந்தார். நெட்டையான உருவம், தலையில் நெட்டித் தொப்பி, கையில் குடை, தோளில் ஒரு தோல் உறை. உறைக்குள் இருப்பது துப்பாக்கி என்று கிராமத்துப் பிள்ளைகள் நம்பினார்கள். இருந்தது வெப்பமானி. அவர் தமிழை வேதப் புத்தகத்தில் இருந்து கற்றவர். ஆகவே மீன்காரியிடம் பேசினாலும் ஏதோ தீர்க்கதரிசி இறங்கி வந்து பேசுவதுபோல இருக்கும். "ஸ்திரீயே, இந்த மச்சம் எப்பொழுது மரித்தது?" என்று அவர் ராஜாக்கமங்கலம் கடற்கரையில் கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். குரலை உயர்த்த மாட்டார். தப்புச் செய்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். நாம் என்ன தப்புச் செய்தோம் என்று நாமே கண்டுபிடித்துச் சொல்லும்வரை துடைப்பார். சில நாட்களில் அந்தக் கண்ணாடி தேய்ந்தே போய்விடும் என்று தோன்றும்.

சுதந்திரம் வந்த புதிது. ஆண்கள் கள்ளுக்கடைக்குப் போவதை நிறுத்த வழி தேடிக் கமிட்டி கூடியது. தாகத்தால்தான் குடிக்கிறார்கள், நாக்கில் சுரீர் என்று ஏறுகிற வேறொன்றைக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்பது கமிட்டியின் கண்டுபிடிப்பு. கமிட்டியில் ஒருவரும் குடித்ததில்லை, ஆகவே எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஏற்கனவே தேயிலைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாயிற்று. காய்ச்சல்காரன் குடிக்கிறதை எதற்குத் தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள்.

மிசியம்மாவுக்கு அப்போதுதான் தன் தகப்பனார் வீட்டு ஜிஞ்சர் பீர் நினைவு வந்தது. இஞ்சி, சீனி, எலுமிச்சை, தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட். ஒரு வாரத்தில் நுரைத்துக்கொண்டு வரும். ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே கொடுப்பார்களாம்.

செயலாளர் ஐயா அப்போது தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற புதிது. அவர் முதலில் பெயரைப் பிடித்துக்கொண்டார். "பீருங்குற பேரு நம்ம நோட்டீசில வரக்கூடாது." இஞ்சிப் பானம் என்று மாற்றினார்கள். அடுத்து, "இந்த ஈஸ்ட்டுன்னா என்னம்மா?" என்றார்.

"அது உயிருள்ள ஒரு நுரை. சர்க்கரையைப் புசித்து வாயுவை விடும்" என்றார் மிசியம்மா.

"நம்ம ஊரில எங்க கெடைக்கும்?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் விடை தெரியும். கள்ளுப் பானையில் கிடைக்கும். ரொட்டிக் கடைக்காரன் அங்கிருந்துதான் வாங்குகிறான். எல்லோரும் சுவரில் இருந்த வசன அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பொறுக்காமல், "ஆப்பமாவில இருக்கு" என்றேன்.

மிசியம்மா என் பக்கம் திரும்பினார். "ஆப்பமாவு எதனால் புளிக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் ஐயா முந்திக்கொண்டார். "அது தானாப் புளிக்கும்மா. எங்க வீட்டில காலங்காலமாத் தானாத்தான் புளிக்கி."

சனிக்கிழமைதோறும் ஐயா வீட்டுப் பின்வாசலில் பனையேறி ஒரு சின்னக் கலயத்தை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவான். தெரு முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பம் நாகர்கோவிலில் எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் தானாகத்தான் புளித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: ஈஸ்ட்டுக்குப் பதில் ஆப்பமாவு, ஒரு கரண்டி.

இனி அளவு. மிசியம்மாவின் தாயார் எழுதி வைத்திருந்தது ஒரு பீப்பாய்க்கு உரிய அளவு. அதை ஒரு குடும்பத்தின் பானைக்குச் சுருக்கித் தரும் வேலை எனக்கு. நான் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி எல்லாவற்றையும் வகுத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் தண்ணீரைச் சொன்னேன், இல்லை. இஞ்சியைச் சொன்னேன், இல்லை. கடைசியில், "மாவையும் வகுத்தேன் அம்மா" என்றேன்.

"ஏன்?"

"பானை சின்னதாச்சே."

"உயிருள்ளது தானே பெருகும். பானையின் அளவை அது அறியாது. நீர் காலத்தையும் வகுத்திருக்கிறீர். பாதிப் பானைக்குப் பாதி நாள் என்று யார் உமக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கணக்குதான் சொன்னது. இன்றுவரை நான் இளையவர்களுக்குச் சொல்ல விரும்புவது அதுதான். தண்ணீரையும் இனிப்பையும் வகுக்கலாம், பெருக்கலாம். புளிக்கிற காலம் உங்கள் கணக்குக்குக் கட்டுப்படாது. அது வெயிலுக்குக் கட்டுப்படும். மிசியம்மாவின் ஊரில் ஒரு வாரத்தில் நடப்பது நம் சித்திரை மாதத்தில் மறுநாளே நடந்துவிடும்.

சீனி அப்போது ரேஷன். கல்யாண வீட்டுக்கே கிடைக்காது. ஆகவே கருப்பட்டி போட்டோம். அவர் ஊர்ப் புளிப்புப் பொடிக்குப் பதில் வாளம்புளி. எலுமிச்சை மட்டும் எலுமிச்சையாகவே இருந்தது. நிறம் கறுத்துப் போய், பார்த்தால் கஷாயம்போல இருந்தது. மிசியம்மா ஒரு தம்ளரை மிச்சமில்லாமல் குடித்தார். "என் தாயார் இதை அறிந்துகொள்ள மாட்டார்கள். ஆயினும் நன்றாயிருக்கிறது" என்றார்.

முதல் செய்முறை வகுப்பு கொட்டாரம் கிராமத்தில். காய்ச்சின நீர் எவ்வளவு ஆறின பிறகு மாவைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு மிசியம்மாவிடம் வெப்பமானி இருந்தது. கொட்டாரத்துப் பெண்களிடம் இல்லை. நான் புத்திசாலித்தனமாக, "பிள்ளையக் குளிப்பாட்டுற சூடு" என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் போனால் ஒரு வீட்டிலும் நுரை இல்லை. கருப்பட்டித் தண்ணீர் மாதிரி சப்பென்று கிடந்தது. ஒருத்தி மறுபடி செய்து காட்டினாள். காய்ச்சினதை இறக்கினாள், விரலை வைத்துப் பார்த்தாள், "உஸ்" என்று விரலை உதறினாள், உடனே மாவை ஊற்றினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் பிள்ளை குளிப்பாட்டுகிற வெந்நீரில் கோழியையே உரிக்கலாம். அந்தச் சூட்டில் நம் பிள்ளைகள் பிழைக்கின்றன. மாவில் உள்ள உயிர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து, "பாலுக்கு உறை ஊத்துற சூடு" என்று மாற்றினேன். எல்லா வீட்டிலும் நுரைத்தது.

அடுத்தது அளக்கும் பாத்திரம். நாழி சில வீட்டில் உண்டு, சில வீட்டில் இல்லை. தேங்காய்ச் சிரட்டை இல்லாத வீடு கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் சிரட்டையில் சொன்னேன். எந்தச் சிரட்டை என்பது பெரிதில்லை, ஒரே சிரட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரையும் இடித்த கருப்பட்டியையும் அதே சிரட்டையில் அளந்தால் பானை சின்னதானாலும் பெரிதானாலும் ருசி மாறாது. இதை நான் பாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் பாட்டைக் கேட்பது போலத்தான் கேட்டார்கள்.

மூன்றாவது, புட்டி. கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட வேண்டும். தக்கையை நூலால் கட்டலாம், இறுக்கக் கூடாது. நிழலில் வைக்க வேண்டும். நுரைத்ததும் குடித்துவிட வேண்டும். "வைத்துக்கொள்ளலாகாது" என்று மிசியம்மா ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் குடையை உயர்த்திச் சொல்வார். பெண்கள் பயபக்தியோடு தலையசைப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

ராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் செல்லத்தங்கம் என்று ஒருத்தி. சொந்த வயல், இரண்டு பசு, பெரிய பத்தாயம் நிறைய நெல், கள்ளுக்கடையே கதி என்று கிடந்த புருஷன் முத்தையன். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லுவாள். எங்கள் மாணவிகளில் முதலாவது அவள்தான் என்று மிசியம்மாவே சொன்னார். இரண்டு மூன்று மாதத்தில் செயலாளர் ஐயாவுக்கு ஒரு நற்செய்தி எட்டியது. முத்தையன் கள்ளுக்கடையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் நேரே வீடு. இஞ்சிப் பானம்தான் குடிக்கிறான். அவனைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் பல பேர் திருந்திவிட்டார்கள். கள்ளுக்கடைக்காரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஐயாவுக்குக் கண் கலங்கியது. "மனந்திரும்புதல் டீச்சர், மனந்திரும்புதல்! நேரில போயிச் சாட்சி கேக்கணும்" என்றார். மிசியம்மாவையும் சேர்த்து மூவரும் வில்வண்டியில் போனோம்.

நாங்கள் போனபோது முத்தையனும் நாலைந்து பேரும் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் சாந்தம். ஒருவன் பக்கத்தில் இருந்தவன் தோளில் கை போட்டுக்கொண்டு காரணம் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். முத்தையன் எழுந்து வந்து ஐயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "ஐயா, நான் மனுஷனாயிட்டேன்" என்றான். விடவில்லை. அப்படியே நின்று அழுதான். ஐயாவும் அழுதார். எனக்கு மட்டும் ஏதோ ஒரு வாடை தட்டியது.

செல்லத்தங்கம் மூன்று வெண்கலத் தம்ளரில் கொண்டுவந்தாள். ஐயா ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். மிசியம்மா ஒரு வாய் குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். தொண்டையில் தீ.

செல்லத்தங்கத்தை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "ஏட்டி, இத என்னைக்குப் போட்ட?"

"ஒண்ணரை மாசமாச்சு, டீச்சர். மண்டலம் தெகைஞ்சு போச்சு, அதான் தொறந்தேன்."

"மண்டலமா? ரெண்டாம் நாளு குடிச்சிரணும்னு நான் பாட்டாப் படிச்சேனே?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "டீச்சர், இஞ்சியும் கருப்பட்டியும் பொடிச்சுப் போட்டு, பரணியில ஊத்தி, வாயைச் சீலைமண் கொண்டு அடைச்சா அதுக்குப் பேரு என்ன? அரிஷ்டமில்லியா? அரிஷ்டத்தை நெல்லுக்குள்ள பொதைச்சு ஒரு மண்டலம் வைக்காம ரெண்டாம் நாளு தொறந்தா ஊரில எவளாவது சிரிக்க மாட்டாளா? அந்த வெள்ளக்காரிக்கு அரிஷ்டம் தெரியுமா? பாவம், தெரியாம சொல்லுகான்னு நாங்க விட்டுட்டோம்."

இதுதான் அந்தச் சிரிப்பு. வைத்தியர் வீட்டு முறையை எங்கள் நோட்டீசின் தலையில் ஏற்றி, எங்கள் அறியாமையை மன்னித்து, அந்தத் தெருவே பத்தாயத்துக்குள் பரணிச் சாடிகளைப் புதைத்திருந்தது.

"அளவாவது ஒரே சிரட்டைதானா?"

"கருப்பட்டிக்குப் பெரிய சிரட்டை. வெள்ளத்துக்குச் சின்னது. வெள்ளம் என்ன, கெணத்தில சும்மாக் கெடைக்குத சாதனந்தானே டீச்சர், அதுக்கு எதுக்குப் பெரிய சிரட்டை? காணாதுன்னு மாவும் ரெண்டு கரண்டி கூடப் போட்டேன்."

"இது கள்ளை விடக் கடுப்பு, செல்லத்தங்கம். உன் புருஷன் திருந்தலை. அதிகமாக் குடிக்கான்."

அவள் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியாதா? எப்பிடியும் குடிக்கான் டீச்சர். அங்க குடிச்சிட்டு வந்தா அடிக்கான். இங்க குடிச்சா பாட்டுப் படிச்சிட்டு ஒறங்குகான். பிள்ளைக பயமும் பேடியும் இல்லாமச் சோறு தின்னுது. எனக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம். இதப் போயி அந்த ஐயாகிட்டச் சொல்லிராதீங்க."

என் பயிற்சியில் லேஸ் இருந்தது, ஜெல்லி இருந்தது. இது இல்லை.

முற்றத்தில் செயலாளர் ஐயாவின் குரல் கேட்டது. மூன்றாவது தம்ளரும் முடிந்திருந்தது. எழுந்து நின்று மதுவின் கேடு பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அவர் அந்தப் பேச்சைப் பேசி நான் பல முறை கேட்டிருக்கிறேன். எப்போதும் இருமி இருமிப் பேசுவார். அன்று அருவி மாதிரி கொட்டியது. கையை வீசினார், கண்ணை மூடினார், கள்ளுக்கடைக்காரனைப் பெயர் சொல்லி மன்னித்தார். முத்தையன் தேம்பினான்.

மிசியம்மா மட்டும் மெல்ல எழுந்து, "அந்தப் பரணிகளை நான் காண வேண்டும்" என்றார். செல்லத்தங்கம் முற்றத்தை ஒட்டிய திண்ணையில் இருந்த பத்தாயத்தின் முன்பலகையைக் கழற்றினாள். உள்ளே நெல்லுக்குள் பரணிகளின் கழுத்துகள் வரிசையாகத் தெரிந்தன. பரணிக்கு மண் பூசின வாய் இருந்ததால் காற்று கசிந்து போக வழி இருந்தது. ஆனால் மிசியம்மா வரும்போது கொடுக்கலாம் என்று அவள் ஆசையாகச் சில சோடாப் புட்டிகளிலும் நிரப்பி வைத்திருந்தாள். எங்கள் நோட்டீசில் சொன்னபடியே தக்கை, சொன்னபடியே நூல். நாலு விரல் இடம் மட்டும் விடவில்லை. அவ்வளவு இடத்தையும் வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. நூலையும் பசு கட்டுகிற முடிச்சாகப் போட்டிருந்தாள்.

"தொடாதீர்" என்றார் மிசியம்மா. அதுவரை நான் கேட்டிராத குரல். ஆனால் செல்லத்தங்கம் ஒரு புட்டியை இழுத்துவிட்டாள்.

அவள் கையில் இருந்தது வெடிக்கவில்லை. அது உரசிக்கொண்டு வந்த அடுத்த புட்டி வெடித்தது. அது தன் அண்டைப் புட்டியை வெடிக்க வைத்தது. படபடவென்று உள்ளேயே ஒரு தீபாவளி. நெல் பீறிக்கொண்டு கூரைவரை போய் எங்கள் தலைமேல் பெய்தது. திருந்தின ஆண்கள் எல்லோரும் குப்புற விழுந்தார்கள். மிசியம்மா செல்லத்தங்கத்தைக் குடையால் மறைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். குடைத்துணியில் கண்ணாடி குத்தி நின்றது. செல்லத்தங்கத்துக்கு முழங்கையில் ஒரு கீறலோடு போயிற்று. நெல் அவ்வளவு கனமாக மூடியிருக்காவிட்டால் எங்கள் மூவரையும் பற்றி நம் பத்திரிகையில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். செயலாளர் ஐயா மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை. தலையில் நெல்லோடு, இரண்டு கைகளையும் உயர்த்தி, "அல்லேலூயா!" என்றார். எங்கள் சபையில் அப்படிச் சத்தம் போடுகிற வழக்கமே கிடையாது.

விசாரணை நடந்தது. கமிட்டி கூடி முடிவு சொன்னது: பானத்தில் குற்றமில்லை, டீச்சரின் விளக்கம் போதவில்லை, ஆகவே டீச்சர் இனி ஊறுகாய்ப் பிரிவில். மீதிப் பரணிகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு, "என் மேற்பார்வையில் அழிக்கப்படும்" என்று ஐயா பொறுப்பேற்றார். பரணிகள் அவர் வீட்டுக்குப் போயின. அழிப்பு வேலை கிறிஸ்துமஸ் வரை நடந்தது. அந்த வருஷம் அவர் இருமலே இல்லாமல் பேசினார்.

மிசியம்மா அன்று கூட்டம் முடிந்ததும் என்னை அழைத்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "நீர் சொன்னது சரியே. அவள் அறிந்திருந்ததும் சரியே. ஒன்றை நாம் கேட்க மறந்தோம். இந்த ஜனங்கள் ஏற்கனவே என்ன செய்து வருகிறார்கள் என்று" என்றார். பிறகு தம் ஊருக்குத் திரும்பிப் போகும்போது அந்த வெப்பமானியை உறையோடு எனக்குக் கொடுத்தார். நான் ஊறுகாய்ப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். ஊறுகாய் வெடிக்காது. வேறு குறை சொல்ல முடியாத தொழில்.

இப்போது அந்த வேலை பியூலாவுக்கு வந்திருக்கிறது. ஐயா வந்து சொன்னபோது, "அளவெல்லாம் பழைய அளவே போதும் டீச்சர்" என்றார். "ரெண்டு நாளா ஐயா, மண்டலமா?" என்று கேட்டேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பியூலா பழைய நோட்டீசை வைத்துக்கொண்டு எங்கள் அடுக்களையில் பழகிப் பார்த்தாள். ஒரு புட்டிதான் போட்டாள். ஐயா பார்க்க வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை, ஆகவே திறக்காமல் அவருக்காக வைத்திருந்தாள். மீதிதான் கதவில் இருக்கிறது.

அன்றைக்கு அவள் சிரித்தாள். நான் விளக்குமாற்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"ஏட்டி, இந்த எளவு வேண்டாம். லேஸ் கத்துக் குடு. ஊசி குத்தினா விரலோட போகும்."

"நீங்க மட்டும் அத்தன வருஷம் ஊர் ஊரா அலைஞ்சீங்கல்லாம்மா? ஒரு நாளு பயந்து நான் கண்டதில்ல."

"அன்னைக்கு வெடிச்சது எம்பிள்ளைக்கப் பக்கத்தில இல்ல."

அவள் கண்ணாடித் தூளைக் கூட்டினாள். கண்ணுக்கும் முகத்துக்கும் மட்டுமா ஆபத்து? இனி சட்டமும் வேறு. ஏதாவது ஒரு செல்லத்தங்கத்தின் பத்தாயத்தைப் போலீஸ்காரன் திறந்தால், கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்பான். மேற்பார்வையில் அழித்தவரை யாரும் கேட்கமாட்டார்கள். இதையும் சொன்னேன். "சம்மதிச்சு மிஷன் கடுதாசியில ஒப்புப் போட்டாச்சும்மா" என்றாள். என்னுடைய பிடிவாதம் அவளிடம் அளவு குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முழுவதும் தடுக்க முடியாதபோது சுருக்கத்தானே வேண்டும்? அன்று ராத்திரியே உட்கார்ந்து புது அளவு எழுதினேன். ஒரு தம்ளருக்கு. தட்டின இஞ்சி, கருப்பட்டி, எலுமிச்சை, தண்ணீர். மாவு கிடையாது. புட்டி கிடையாது. கலக்கு, நின்றுகொண்டே குடி, மீதி வைக்காதே. காலையில் பியூலா படித்துப் பார்த்தாள்.

"அம்மா, இது பானகமில்லியா? கோயில் திருவிழாவில சும்மா குடுக்கானுவளே."

"ஆமா. அதுக்கென்ன?"

"இதக் கத்துக் குடுக்கவா மிஷன் எனக்குச் சம்பளம் தருகு?"

பீப்பாயில் தொடங்கி, பானைக்கு வந்து, புட்டியில் வெடித்து, இத்தனை வருஷம் கழித்து நாங்கள் பானகத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம். கமிட்டி விரும்பினால் இதையும் ஏகமனதாக நிறைவேற்றலாம்.

இன்று காலை அவளுக்கு முதல் வகுப்பு. திற்பரப்பில். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று குளிக்கப் போயிருந்தாள். அவள் பையைத் திறந்து பார்த்தேன். தாயார் பார்க்கலாம். மிசியம்மாவின் வெப்பமானி இருந்தது. ஒரு சிரட்டை இருந்தது. ஒன்றுதான் இருந்தது, அது வரைக்கும் சந்தோஷம். நான் எழுதின தாளும் மடித்து இருந்தது. அடியில் ஒரு பித்தளைத் தூக்கு. உள்ளே ஆப்பமாவு, விளிம்பு வரை, மூடி இறுக்கித் திருகி. மாவு எப்படிப் புளித்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் காலங்காலமாகத் தானாகத்தான் புளிக்கிறது.

மலைப்பாதையில் பஸ் குலுங்கும். வெயிலும் ஏறும். நான் தூக்கை வெளியே எடுத்தேன். ஒரு அகப்பை மாவை எடுத்துவிட்டேன். விரலை வைத்துப் பார்த்தேன், நாலு விரல். மூடியைப் போட்டு, பாதித் திருகோடு நிறுத்தி, மேலே ஒரு துணியைத் தளரக் கட்டி, இருந்த இடத்தில் வைத்தேன்.

"என்னம்மா தேடுகீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பியூலா.

"ஒண்ணுமில்ல. கொடை எடுத்துக்கிட்டியா?"

எடுத்துக்கொண்டாள். கதவைத் தாண்டும்போது அந்தக் கண்ணாடித் துண்டுக்கு ஒதுங்கித் தலையைச் சாய்த்துப் போனாள். அதற்காகத்தான் அதை நான் இன்னும் பிடுங்கவில்லை.

எடுத்த மாவில் ஒரே ஒரு ஆப்பம் வந்தது. நடுவில் நன்றாகப் பொங்கியிருந்தது. தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் திறந்து. சாயங்கால பஸ்ஸில் வருவாள்.